வியன்னாவில் ஒரு மழைப் பகல்: வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அடுத்த வாரம் அம்மாவோடு கனடா போகும் வழியில், வியன்னாவில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை விமானத்துக்காகக் காத்திருக்க வேண்டும். இருவரிடமும் ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகளுக்கான பொது) விசா இருப்பதால், வெளியே போய் ஊரைப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். வானிலையோ குளிர்க்காற்றும் மழையும் என்று காட்டுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஈரமான கல் பாவிய தெருக்களில் நடக்கவிட எனக்குப் பயம்.

யோசித்து வைத்திருப்பது இது: விமான நிலையத்திலிருந்து எஸ்7 ரயிலில் வீன் மிட்டே ரயில் நிலையம், அங்கிருந்து யு3 மெட்ரோ. ஸ்டெபான்ஸ்பிளாட்ஸில் ஏறி வந்தாலே புனித ஸ்டீபன் பேராலயம். அப்புறம் அதே மெட்ரோவில் ஃபோக்ஸ்தியேட்டர் இறங்கி, 1891இல் திறந்த கலை வரலாற்று அருங்காட்சியகம். புரூகல் 1563இல் வரைந்த பாபேல் கோபுரம் அங்கேதான் இருக்கிறது. அம்மா ஓவிய ஆசிரியையாக இருந்தவர், அதை நேரில் காட்டிவிட வேண்டும். மற்றதெல்லாம் விட்டுப்போனாலும் சரி.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: வீன் மிட்டேயில் கைப்பெட்டிகளை வைக்க லாக்கர் எளிதில் கிடைக்குமா? ஃபோக்ஸ்தியேட்டரில் எந்த வாசலில் ஏறினால் நடை குறையும்? அருங்காட்சியகத்தில் சக்கர நாற்காலி கேட்டால் தருவார்களா? கஃபே சென்ட்ரலில் வெளியே வரிசை நிற்குமாம், மழையில் அது முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து சூடாக ஏதாவது சாப்பிட, சைவம் கிடைக்கும் இடம் தெரிந்தால் அவசியம் எழுதுங்கள்.