"எனக்கு நாலு வார்த்தைதான் வருது": ஒப்பிட்டுப் பார்த்துச் சோர்ந்தவர்களைச் சந்தித்த அனுபவங்கள்

கடுகுவிதை:
எங்கள் ஜெபக்குழுவில் ஒரு சகோதரி வாய்விட்டு ஜெபிப்பதையே நிறுத்திவிட்டார். காரணம் கேட்டேன். "அந்த அக்கா ஜெபிச்சா வசனம் வசனமா வருது. எனக்கு நாலு வார்த்தைதான் வருது. அவங்களுக்கப்புறம் நான் என்ன ஜெபிக்க?" என்றார்.

லூக்கா 18-ல் பரிசேயனும் (மதச் சட்டங்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவன்) ஆயக்காரனும் (வரி வசூலிப்பவன்) ஜெபிக்கப் போன உவமையை எடுத்துக் காட்டினேன். ஆயக்காரன் ஜெபித்தது: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." எண்ணிப் பாருங்கள், நாலே வார்த்தை. நீதிமானாக வீட்டுக்குத் திரும்பினவன் அவன்தான். பரிசேயனின் நீண்ட ஜெபமோ "இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால்" என்று தூரத்தில் நின்றவனைப் பார்த்தே போகிறது.

பிறகு அந்த அக்காவிடமும் பேசினேன். படுக்கையாய்க் கிடந்த தாயாருக்குத் தினமும் சங்கீதம் வாசித்து வாசித்தே வசனங்கள் மனதில் பதிந்தனவாம். அந்த இரவுகள் குழுவில் யாருக்கும் தெரியாது. காதில் விழுந்த ஜெபத்தை மட்டும் வைத்துத்தான் அளந்திருக்கிறோம்.

கேதுருமரம்:
சகோதரி, அந்தப் பரிசேயன் பக்கத்தை நான் நேரில் பார்த்தேன். ஒரு சகோதரர் மறுபடியும் குடியில் விழுந்துவிட்டார். அதைப் பற்றிய பேச்சில் இன்னொருவர், "நம்மகிட்ட ஆயிரம் குறை இருந்தாலும் அந்த அளவுக்குப் போகலையே" என்றார். கூடப்பிறந்தவரோடு பல வருஷமாகப் பேசாதவர் அவர். மற்றவர் விழுந்ததும் தன் கசப்பு சின்னதாகத் தெரிந்துவிட்டது. எனக்கு இதுதான் அதிக பயம். சோர்ந்துபோனவர் ஆறுதல் தேடியாவது வருவார். இவர் எதற்கு வரப்போகிறார்?

காலைநட்சத்திரம்:
ஞாயிறு பள்ளியில் பல வருஷமாகச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற அண்ணன் ஒருவர். அவரோடு ஞானஸ்நானம் எடுத்தவர் இன்று பெரிய கூட்டங்களில் பிரசங்கிக்கிறார். "அவன் எங்கே, நான் எங்கே" என்று வகுப்பையே விட இருந்தார். இருவருமாக மத்தேயு 25-ல், எஜமான் தன் ஊழியக்காரரிடம் தாலந்துகளை (பெரும் பணத்தொகைகளை) ஒப்படைத்துப் போகிற உவமையை வாசித்தோம். ஐந்து தாலந்தைப் பத்தாக்கினவனுக்கு 21-ம் வசனத்தில் கிடைத்த பாராட்டு, இரண்டை நான்காக்கினவனுக்கு 23-ல் அப்படியே வருகிறது. எஜமான் பத்தையும் நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே இல்லை. அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. "வருத்தம் இன்னும் போகலை தம்பி. ஆனா வகுப்பை விடமாட்டேன்" என்றார். அந்த உண்மை எனக்குப் பிடித்திருந்தது.

ஒலிவக்கிளை:
அப்படியானால் மற்ற விசுவாசிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவே கூடாதா? பவுலே "நீங்கள் என்னைப் பின்பற்றுகிறவர்களாயிருங்கள்" என்கிறாரே (1 கொரிந்தியர் 11:1).

கடுகுவிதை:
கற்றுக்கொள்ளலாம் ஐயா. எபிரெயர் 13:7-ம் அதைத்தான் சொல்கிறது. ஆனால் பின்பற்றச் சொன்னது அவர்கள் விசுவாசத்தை; அவர்களுக்குக் கிடைத்த பங்கை அல்ல. ஒருவர் சாட்சி சொன்னதும் நமக்கு ஜெபிக்கத் தோன்றினால் நல்லது. "அவருக்கு மட்டும் ஏன்" என்று தோன்றினால், சக சீடனான யோவானைக் காட்டி "இவன் காரியம் என்ன" என்று கேட்ட பேதுருவின் இடத்தில் நிற்கிறோம். ஆண்டவர் யோவானைப் பற்றி அவனுக்கு விளக்கம் தரவில்லை. "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்றார் (யோவான் 21:22). அதற்குச் சற்று முன்புதான் பேதுரு எப்படி மரிப்பான் என்பதையே சொல்லியிருந்தார். அவ்வளவு பாரமானதைக் கேட்டவனுக்கு அடுத்தவன் பங்கை அறிய ஆசை வராதா? அதனால் அந்தப் பதிலை வெறும் கண்டிப்பாக என்னால் வாசிக்க முடியவில்லை.