அக்டோபர், நவம்பர் வாரக்கடைசி: 4 வயதுப் பையனையும் கைக்குழந்தையையும் எங்கே, எத்தனை மணிக்குக் கூட்டிப்போவது?

ஈஷூன் அம்மா

வணக்கம். குளிர்நாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் இலையுதிர்காலப் படமாக அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு இங்கே சிங்கப்பூரில் மத்தியானம் இடி, சாயங்காலம் ஈரத்தரை. மகனுக்கு 4 வயது, மகளுக்கு 10 மாதம். கார் கிடையாது, எம்ஆர்டி ரயிலும் பஸ்ஸும்தான். கடைத்தொகுதிக்குள் சுற்றாமல் திறந்தவெளிக்குப் போக வேண்டும். எத்தனை மணிக்குக் கிளம்பினால் மழையில் மாட்டாமல் திரும்பலாம்? சுங்கை பூலோ சதுப்பு நிலத்தில் பறவைகள் கண்ணில் படுமா, ஸ்ட்ரோலர் (குழந்தைத் தள்ளுவண்டி) போகுமா? பட்டம் விட இது ஏற்ற பருவமா?

மழைமானி

விடிந்ததும் கிளம்புங்கள். நவம்பர் தொடக்கத்தில் இங்கே சூரியன் 6:45 வாக்கில் உதித்துவிடுகிறது, வருடத்திலேயே சீக்கிரமான உதயம் அதுதான். 7:15க்கு இடத்தில் இருந்து 10:30க்குப் புறப்பட்டுவிட்டால் வெயிலும் இடியும் இரண்டும் தப்பும்.

இது இரண்டு பருவக்காற்றுகளுக்கு நடுவே உள்ள காலம், காற்றில் வேகம் இருக்காது. காலை வெயிலில் தரை சூடேறும், கடற்காற்று உள்ளே வந்து மோதும், மேகம் நின்ற இடத்திலேயே மேலே மேலே வளரும். பிற்பகல் 2 மணிக்கு மேல் அடிக்கடி இடி விழ இதுதான் காரணம். ராடார் படத்தைப் பார்த்து ‘மழை ஜூரோங்கில்தான் இருக்கு, வர அரை மணி ஆகும்’ என்று கணக்குப் போடுவது இந்த மாதங்களில் சரிவராது. படத்தில் வெறும் இடமாகத் தெரிந்த உங்கள் தலைக்கு மேலேயே அந்த அரை மணியில் ஒரு புது மேகம் திரண்டுவிடும்.

காலையில் கெடுப்பது சுமத்ரா சூறைக்காற்று ஒன்றுதான். மேற்கிலிருந்து வரிசையாக வரும், பெரும்பாலும் விடியலுக்கு முன்பிருந்து காலைக்குள். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும், 1-2 மணி நேரத்தில் கடந்துவிடும். இதை மட்டும் ராடாரில் நம்பிப் பார்க்கலாம். 6 மணிக்கு மேற்கே நீளக்கோடாகச் சிவப்பு தெரிந்தால் பயணத்தைக் கைவிட வேண்டாம், 9 மணிக்குத் தள்ளிப்போடுங்கள். அதற்குப் பிறகு வானம் மூடி, குளுகுளுவென்று இருக்கும், குழந்தைகளுக்கு அதைவிட நல்ல வேளை கிடையாது. மரத்தடியில் மட்டும் பாய் விரிக்காதீர்கள், முறிந்த கிளை மேலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். 30 விநாடிக்குள் சத்தம் கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே உள்ளே போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரக் கூடாது. ‘உள்ளே’ என்றால் கட்டடம், வாய்ட் டெக் (அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே உள்ள திறந்த தரைத்தளம்) அல்லது கண்ணாடி ஏற்றிய வாகனம். பூங்காவில் நான்கு தூணும் கூரையுமாக நிற்கும் கொட்டகை மழைக்கு ஆகும், மின்னலுக்கு எல்லாமே ஆகும் என்று நம்ப முடியாது. அதனால் பார்க்குக்குள் நுழையும்போதே கட்டடம் எந்தப் பக்கம் என்று பார்த்து வையுங்கள்.

புகைமூட்டம் அக்டோபரிலும் எட்டிப்பார்க்கும். கிளம்பும் நேரத்துக்கு 24 மணி நேர பிஎஸ்ஐ (காற்றுமாசுக் குறியீடு) எண்ணைப் பார்க்காதீர்கள், அது நேற்றையும் சேர்த்த சராசரி. 1 மணி நேர பிஎம் 2.5 (நுண்தூசி) எண்ணைப் பாருங்கள், 55 வரை வழக்கமான அளவு.

கொக்குப் பார்வை

சுங்கை பூலோவுக்கு இதுதான் பருவம். வடக்கே குளிர் தொடங்கியதும் கரைப்பறவைகள் இறங்கி வருகின்றன, செப்டம்பர் முதல் மார்ச் வரை இருக்கும். ‘போனோம், ஒரு பறவையும் இல்லை’ என்பவர்கள் பெரும்பாலும் கடல் வற்றிய நேரத்தில் போனவர்கள். வற்றும்போது பறவைகள் வெளியே சேற்றுப்பரப்பில் சிதறி மேய்கின்றன. கடல் ஏறிச் சேறு மூழ்கியதும் உள்ளே இருக்கும் குளங்களுக்கு வந்து கூட்டமாக நிற்கும். அந்தக் குளங்கள் பழைய இறால் பண்ணைகள், மதகு வைத்து நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். ஆகவே கடல் உச்சத்துக்கு ஏறும் நேரத்துக்கு ஒரு மணி முன்னும் பின்னும் மறைவிடக் குடிலில் இருங்கள். தெற்குக் கரையில் உள்ள தஞ்சோங் பகாருக்குச் சொல்லும் ஏற்ற நேரம் வடக்கே ஜொகூர் நீரிணைக்கு அப்படியே பொருந்தாது, வடக்குக் கரையில் உள்ள நிலையத்தின் அட்டவணையைப் பாருங்கள்.

பையனுக்கு அலகைக் காட்டாதீர்கள், காலைக் காட்டுங்கள். ஆரஞ்சுச் சிவப்புக் கால் என்றால் பவளக்காலி. அது பறக்கும்போது இறக்கையின் பின் ஓரத்தில் வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். வெளிறிய பச்சைக் கால், லேசாக மேல்நோக்கி வளைந்த அலகு என்றால் பச்சைக்காலி. கட்டையான சின்ன அலகோடு நாலடி ஓடி, நின்று, ஒரு கொத்து கொத்திவிட்டு மறுபடி ஓடினால் உப்புக்கொத்தி. இந்த மூன்றே போதும் 4 வயதுக்கு.

பைனாகுலரில் ஒரு சிக்கல் உண்டு. பெரியவர்களுக்கானதை முழுதும் மடக்கினாலும் இரண்டு கண்வில்லைகளுக்கும் இடையே ஏறக்குறைய 56 மில்லிமீட்டர் இருக்கும். அந்த வயதில் கண்களுக்கு இடையே உள்ள தூரம் 50 வாக்கில்தான். அதனால்தான் ‘இருட்டா இருக்கு’ என்று திருப்பித் தந்துவிடுவார்கள். 6 மடங்கு பெருக்கத்தில் குறுக மடங்கும் சிறுவர் வகை வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒற்றைக்கண் குழல். 10 மடங்கு வேண்டவே வேண்டாம், கை ஆடும்.

ஈஷூனிலிருந்து ஒரே ரயிலில் கிராஞ்சி, அங்கிருந்து 925 பஸ். காலை 7 மணிக்குத் திறக்கிறார்கள், நுழைவுக் கட்டணம் இல்லை. பாலம், பலகைப் பாதையெல்லாம் ஸ்ட்ரோலர் போகும். சரளைப் பகுதியில் சின்னச் சக்கரம் புதையும், கோபுரத்துக்குப் படிதான். குழந்தையை முன்பையில் கட்டிக்கொள்வது நிம்மதி. முதலை உண்டு, பாதையை விட்டு இறங்கக் கூடாது. குரங்குக்குப் பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு. ஸ்ட்ரோலர் கைப்பிடியில் எதையும் தொங்கவிடாதீர்கள்.

ஈஷூன் அம்மா

நன்றி. அட்டவணையில் இந்தச் சனிக்கிழமை 9:30க்கு ஏற்றம். அடுத்த சனிக்கிழமை 9 மணிக்கு நேர்மாறாக வற்று என்று இருக்கிறதே?

கொக்குப் பார்வை

அப்படித்தான் வரும். ஏற்றம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகிறது, ஏழு நாளில் சுமார் 6 மணி நேரம். ஆக ஒரு சனி விட்டு ஒரு சனி பறவைக்கு. நடுவில் வரும் சனிக்கிழமை கடலோரத்துக்குப் போய் நட்சத்திர மீன் தேடலாமே என்று தோன்றும். காலையில் வற்றும் அந்த நாட்கள் பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் நடுவே விழுவதால் கடல் அதிகம் உள்வாங்காது, ஏமாற்றம்தான். வருடக் கடைசியில் நன்றாக வற்றுவது மாலை, இரவு வேளைகளில். 10 மாதக் குழந்தையோடு அது சரிப்படாது. அந்தச் சனிக்கிழமையைப் பட்டத்துக்கு விட்டுவிடுங்கள்.

நூல்கண்டு

பட்டத்துக்கு உண்மையான பருவம் டிசம்பர் கடைசியில் வடகிழக்குக் காற்று நிலைத்த பிறகு. இப்போது காற்று மெலிது. ஆனாலும் மரீனா அணைக்கட்டின் புல்கூரையில் 9 மணிக்கு மேல் ஓரளவு கிடைக்கும். கார்டன்ஸ் பை த பே எம்ஆர்டியிலிருந்து நடக்கலாம்.

மெல்லிய காற்றுக்கு டெல்டா வகை (முக்கோணப் பட்டம்), 1.2 முதல் 1.5 மீட்டர் அகலம். சுறா, ஆக்டோபஸ் எல்லாம் அழகு, ஆனால் கனம், இந்த மாதத்தில் எழும்பாது. டெல்டாவில் நூல் கட்டும் இடம் ஒன்றே, சூத்திரம் (பட்டத்தின் பல இடங்களிலிருந்து நூல்களைச் சேர்த்துக் கட்டும் முடிச்சு) போடும் வேலை இல்லை. கைப்பிடி உருளையில் 50 மீட்டர் நூல் போதும். 60 மீட்டருக்கு மேல் விட்டாலோ, விமான நிலையம், விமானத் தளத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் விட்டாலோ அனுமதி வாங்க வேண்டும். மாஞ்சா நூலைத் தொடவே வேண்டாம்.

ஓடாதீர்கள். ஓடுகிற வேகத்தில் ஏறிய பட்டம் நின்றதும் விழும். நீங்கள் காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், இன்னொருவர் எதிரே 20 மீட்டர் தள்ளிப் பட்டத்தை மூக்கு மேலாகப் பிடிக்கட்டும். முகத்தில் காற்றுப் பட்டதும் அவர் கையை விட, நீங்கள் கை மாற்றி மாற்றி நூலை இழுங்கள். தரையோரக் காற்று சுழலும், 15 மீட்டர் தாண்டினால்தான் சீராகும். அங்கே போகும்வரை இழுப்பு நிற்கக் கூடாது. சுற்றிச் சுற்றி விழுந்தால் வால் போதவில்லை. எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்துக் குச்சி பைக்குள் முழுதாக நுழையவில்லை. பையன் கையில் உருளையைக் கொடுங்கள், வெறும் நூலைக் கொடுக்காதீர்கள், விரல் கிழியும். முதல் இடி கேட்டதும் இறக்கிவிட வேண்டும்.

வாய்ட் டெக் அக்கா

தங்கச்சி, பையில் என்ன இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே. கொசுமருந்து முதலில். டீட் அல்லது பிக்காரிடின் உள்ளதாக வாங்குங்கள். எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் வகை 3 வயதுக்குக் கீழே வேண்டாம், அதனால் மகளுக்கு அது ஆகாது. வெயில் கிரீம் முதலில், அது காய்ந்ததும் கொசுமருந்து. உங்கள் உள்ளங்கையில் அடித்துக்கொண்டு பிள்ளைக்குத் தடவுங்கள். விரல், வாய், கண் பக்கம் போகக் கூடாது, இந்த வயதில் கை நேரே வாய்க்குத்தான் போகும். சதுப்பு நிலத்தில் கொசுவைவிடச் சின்ன பூச்சியும் கடிக்கும், மெல்லிய நீளக் கால்சட்டை போட்டுவிடுங்கள்.

ஸ்ட்ரோலர் மழை உறையை மழை நின்ற நிமிடமே கழற்றுங்கள். உள்ளே காற்று போகாமல் மளமளவென்று சூடேறும், மூடியபடி வெயிலில் தள்ளவே கூடாது. வீட்டுக்கு வந்ததும் ஈரத்தோடு மடக்கி வைத்தால் இரண்டு நாளில் வார்ப்பட்டையில் கரும்புள்ளி பூக்கும். விரித்து மின்விசிறிக்குக் கீழே நிறுத்துங்கள்.

தீபாவளிக்கு மத்தாப்பு கொளுத்துவதாக இருந்தால் (வெடி 1972லிருந்தே தடை) ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். அணைந்த கம்பி பார்க்கக் கருப்பாக இருக்கும், தொட்டால் கொப்புளம். அணைந்ததும் நேரே வாளிக்குள். பையன் கையை நீட்டிப் பிடிக்கட்டும், காலில் செருப்புக்குப் பதில் மூடிய சப்பாத்து, சட்டை பருத்தியில்.