2019 மாடல் கார், 28,000 கி.மீ. தான் ஓடியிருக்கு: டயர் மாற்றணுமா?

கேள்வி:
வண்டியோடு வந்த அதே டயர்கள். பட்டன் (சாலையில் படும் மேடு பள்ள வடிவம்) நன்றாக இருக்கிறது. ஆனால் எப்போதும் வெயிலில்தான் நிறுத்தம். அடுத்த மாதம் குடும்பத்தோடு நெடுஞ்சாலைப் பயணம். எதை வைத்து முடிவு செய்வது?

பதில் 1:
பட்டனை மட்டும் நம்பாதீங்க. டயர் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் வரிசை முடியுற இடத்தில் 4 இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் தயாரானது. ஒரு பக்கம் காணலைன்னா உள்பக்கம் குனிஞ்சு பாருங்க. ஓடாமல் நின்றாலும் வெயிலில் ரப்பர் இறுகும். ஈரச் சாலையில் பிடிப்பு குறையும். பட்டன் இடுக்கிலோ பக்கவாட்டிலோ மயிரிழை வெடிப்பு தெரிந்தால் பயணத்துக்கு முன்பே மாற்றிடுங்க. 5 வருஷத்துக்கு மேல் வருஷா வருஷம் டயர் கடையில் காட்டணும், 10 வருஷம் தாண்டவே கூடாது. ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.

பதில் 2:
தேய்மானத்துக்கு எல்லை: காடியின் (பட்டன்களுக்கு இடையிலான பள்ளம்) ஆழம் 1.6 மி.மீ. காடிக்குள் இருக்கும் சின்ன மேடு பட்டனோடு சமமானால் டயர் முடிந்தது. மழைக்கு 3 மி.மீ. இருப்பதே நல்லது.

நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் குறைவு, உள் ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பாருங்க. காற்றை டயர் சூடாகும் முன் பார்க்கணும். அளவு ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். டயரில் எழுதியிருப்பது உச்ச அளவு, அதை நிரப்பாதீங்க. ஓடிச் சூடான டயரில் அளவு கூடித்தான் காட்டும், இறக்கிவிட வேண்டாம்.

பதில் 3:
பக்கவாட்டில் புடைப்பு இருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கு. பஞ்சர் போட்டுச் சரியாகாது, உடனே மாற்றுங்க. புது டயரை 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போடுங்க.