எஸ்டிகே-1 நோட்டீஸ் வந்திருக்கிறது: பதில் போடாமல் விட்டால் கம்பெனி தானாக மூடிவிடுமா?

நூல்கண்டு | 10 ஆகஸ்ட் 2024

வணக்கம். கொஞ்சம் அவசரம்.

நானும் என் மச்சானும் டைரக்டர்களாக இருக்கும் ஒரு சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனி. சாஃப்ட்வேர் சர்வீஸ். மூலதனம் ஒரு லட்சம், பங்குதாரர்களும் நாங்கள் இருவர்தான். 2022 தொடக்கத்தில் கடைசி வாடிக்கையாளரும் போன பிறகு வேலை எதுவும் நடக்கவில்லை. 2020-21 வரை ஆர்ஓசி (கம்பெனிப் பதிவாளர்) ஃபைலிங் சரியாக இருக்கிறது. 2021-22, 2022-23 இரண்டு வருடத்துக்கும் ஏஓசி-4 (வருடக் கணக்கு) போகவில்லை, எம்ஜிடி-7ஏ-வும் (ஆண்டு ரிட்டர்ன்) போகவில்லை. வருமான வரி ரிட்டர்ன் மட்டும் போட்டு வந்திருக்கிறோம்.

இப்போது ஆர்ஓசியிடமிருந்து ஸ்பீட் போஸ்டில் எஸ்டிகே-1 நோட்டீஸ் வந்திருக்கிறது. பழைய வாடகை வீட்டு விலாசத்துக்குப் போய், வீட்டுக்காரர் கவரைப் பிரித்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். நோட்டீஸ் தேதி ஜூலை 26. கம்பெனி கடந்த இரண்டு நிதியாண்டாகத் தொழில் எதுவும் செய்யவில்லை, செயலற்ற நிறுவன அந்தஸ்துக்கும் விண்ணப்பிக்கவில்லை என்று நம்பக் காரணம் இருக்கிறது, 30 நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படும் என்கிறது.

எங்கள் கணக்கைப் பார்ப்பவர், "விட்டுடுங்க, அவங்களே மூடிடுவாங்க, உங்களுக்கு மூடுற செலவும் மிச்சம்" என்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது, நம்பத்தான் முடியவில்லை. கம்பெனி பெயரில் சுமார் 4 லட்சத்துக்கு ஒரு எஃப்டி இருக்கிறது, டிடிஎஸ் ரீஃபண்ட் கொஞ்சம் வரவேண்டும். நான் அப்பாவோடு குடும்ப நூல் கம்பெனியிலும் டைரக்டர். அங்கே நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். இதனால் அங்கே ஏதாவது சிக்கல் வருமா?

—

கடைசிபெஞ்ச் | 10 ஆகஸ்ட்

உங்கள் கணக்காளர் சொல்வதில் தப்பில்லை ப்ரோ. மூன்று வருடம் தொடர்ந்து ஃபைல் செய்யாமல் இருந்தால்தான் டைரக்டர் தகுதி இழப்பு. உங்களுக்கு இரண்டுதான் ஆகியிருக்கிறது. 2023-24 கணக்குக்கான கெடு அக்டோபர் கடைசி. அதற்குள் அவர்களே ஸ்ட்ரைக் ஆஃப் (பெயர் நீக்கம்) செய்துவிட்டால் மூன்றாவது வருடம் என்ற பேச்சே இல்லை. லேட் ஃபீயும் மிச்சம். அப்படியே வந்தாலும் சென்னை ஹைகோர்ட் 2018-லேயே இந்தத் தகுதி இழப்பு லிஸ்ட்டை ரத்து செய்துவிட்டது.

—

பழையபுலி | 10 ஆகஸ்ட்

மேலே இருப்பவர் சொல்கிற கணக்கில்தான் நாங்களும் ஒரு காலத்தில் இருந்தோம். 2017-ல் நாடு முழுக்க 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளை ஒரே வீச்சில் நீக்கினார்களே, அதில் எங்களுடையதும் ஒன்று. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட டைரக்டர்கள் தகுதி இழந்தவர்கள் பட்டியலுக்குப் போனார்கள். நீக்கப்பட்ட கம்பெனிகளின் கணக்குகளை நிறுத்திவைக்கச் சொல்லி வங்கிகளுக்கும் உத்தரவு போனது.

எங்கள் கணக்கில் பணம் இருந்தது. வங்கிக்குப் போனால் மேனேஜர் திரையைத் திருப்பிக் காட்டினார்: கம்பெனி பெயருக்கு எதிரே "ஸ்ட்ரைக் ஆஃப்". "சட்டப்படி இந்தக் கம்பெனியே இல்லை சார், யார் கையெழுத்தை வாங்கி நான் பணம் கொடுக்கிறது?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கடைசியில் என்சிஎல்டியில் (கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம்) கம்பெனிகள் சட்டம் 252-வது பிரிவில் மனு போட்டு, காஸ்ட் கட்டி, உத்தரவை ஐஎன்சி-28 படிவத்தில் ஆர்ஓசிக்குக் கொடுத்துத்தான் கம்பெனிக்கு உயிர் வந்தது. வந்த பிறகு என்ன? விட்டுப்போன எல்லா வருட ரிட்டர்னையும் லேட் ஃபீயோடு போடச் சொன்னார்கள். மிச்சம் என்று நினைத்த காசு, வக்கீல் ஃபீஸையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

4 லட்சம் எஃப்டி இருக்கும்போது விட்டுவிடச் சொல்பவரிடம், அந்த எஃப்டியை அப்புறம் எப்படி எடுப்பது என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

—

சீல்வைத்த சிஎஸ் | 11 ஆகஸ்ட்

தொழில்முறை கம்பெனி செக்ரட்டரி. நூல்கண்டு சாருக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கடைசிபெஞ்ச் தம்பி சொன்னது. 2018-லும், 2020 அக்டோபரில் இரு நீதிபதிகள் அமர்விலும் சென்னை உயர் நீதிமன்றம் டைரக்டர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் தகுதி இழப்பைச் சொல்லும் 164(2) பிரிவு செல்லாது என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. 2020 தீர்ப்பின் முக்கியப் புள்ளி, தகுதி இழப்பைக் காரணம் காட்டி டின் எண்ணை (டைரக்டர் அடையாள எண்) முடக்க ஆர்ஓசிக்கு விதிகளில் அதிகாரம் இல்லை என்பது. பிரிவு அப்படியே உயிரோடு இருக்கிறது. மூன்று நிதியாண்டு தொடர்ந்து கணக்கோ ஆண்டு ரிட்டர்னோ போகாவிட்டால் ஐந்து வருடம் எந்தக் கம்பெனியிலும் புதிதாக நியமிக்க முடியாது. 2018 திருத்தத்துக்குப் பிறகு 167-வது பிரிவின்படி, தவறிய கம்பெனியைத் தவிர மற்ற எல்லாக் கம்பெனியிலும் டைரக்டர் பதவி காலியாகும். உங்கள் விஷயத்தில் இதுதான் கத்தி. நூல் கம்பெனியில் நீங்களும் அப்பாவும் மட்டும். நீங்கள் வெளியே போனால் அங்கே ஒரே ஒரு டைரக்டர். பிரைவேட் லிமிடெட்டுக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். அங்கே வங்கிக் கடன் ஏதாவது இருந்தால் புதுப்பிக்கும்போது டைரக்டர் நிலவரத்தைப் பார்ப்பார்கள்.

"அக்டோபருக்குள் நீக்கிவிடுவார்கள்" என்பது சூதாட்டம். பதில் வராவிட்டால் எஸ்டிகே-5 பொது அறிவிப்பு, ஆட்சேபம் சொல்ல அவகாசம், அப்புறம்தான் எஸ்டிகே-7 (நீக்கியாயிற்று என்ற அறிவிப்பு). எதுவும் உங்கள் கையில் இல்லை. நடுவில் ஃபைல் தூங்கினால் நவம்பர் வந்துவிடும், மூன்றாவது வருடமும் விழுந்துவிடும். தவிர, கம்பெனியை நீக்கினாலும் டைரக்டர்களின் பொறுப்பு தொடரும் என்று 248(7) சொல்கிறது. கம்பெனி போனால் பாக்கியும் போயிற்று என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இன்னொரு கதவும் மூடித்தான் இருக்கிறது. நாமே எஸ்டிகே-2 விண்ணப்பம் போட்டு மூடலாமே என்று தோன்றும். 248(1)-ல் ஆர்ஓசி நடவடிக்கை தொடங்கிய பிறகு எஸ்டிகே-2 போட வேண்டும் என்றால் பாக்கி கணக்கு, ரிட்டர்ன் எல்லாவற்றையும் முதலில் போட்டாக வேண்டும். எஸ்டிகே-7 வந்துவிட்டால் அந்த வழியும் கிடையாது. எப்படிச் சுற்றினாலும் ஃபைலிங்கில்தான் வந்து நிற்கும். அதை இப்போதே செய்துவிடுவது மலிவு.

லேட் ஃபீ ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய், உச்சவரம்பு இல்லை. உங்களிடம் நாலு படிவம், அதாவது விடிந்தால் 400. இன்றைக்குக் கணக்குப் போட்டால் 1.8 லட்சம் சுமார் வரும். வலிக்கத்தான் செய்யும்.

இதிலேயே ஒரு ஆறுதல் இருக்கிறது, பல பேர் கவனிப்பதில்லை. லேட் ஃபீ வேறு, அபராதம் வேறு. 92, 137 பிரிவுகளில் ஃபைல் செய்யாததற்குத் தனியாக அபராதம் உண்டு: 10,000 ரூபாய், தவறு தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 100, கம்பெனிக்கு 2 லட்சம் வரை, டைரக்டருக்கு 50,000 வரை. சிறு நிறுவனம் என்றால் 446பி-யின்படி இதில் பாதி. ஆனால் அபராத விசாரணை நோட்டீஸ் வருவதற்கு முன்போ, வந்து 30 நாளுக்குள்ளோ நீங்கள் ஃபைல் செய்து சரிசெய்துவிட்டால் அபராதமே விதிக்கக்கூடாது என்று 454(3) சொல்கிறது. எஸ்டிகே-1 அந்த நோட்டீஸ் இல்லை. இப்போதே போட்டால் லேட் ஃபீயோடு முடிகிறது.

அப்படி லேட் ஃபீயோடு முடியாத ஒன்று ஏஜிஎம் (வருடாந்திரப் பொதுக்கூட்டம்). கூட்டமே நடத்தவில்லை என்றால் 99-வது பிரிவு தனி: 1 லட்சம் வரை, தொடரும் நாளுக்கு 5,000 வரை. மேலே சொன்ன சலுகை இதற்குப் பொருந்தாது. வேண்டுமானால் காம்பவுண்டிங் (தொகை கட்டி வழக்கில்லாமல் முடிப்பது) போகலாம்.

சில கேள்விகள்: இரண்டு வருடமும் ஆடிட் ஆகியிருக்கிறதா? ஏஜிஎம் நடந்ததா? இருவரின் டிஎஸ்சியும் (டிஜிட்டல் கையெழுத்து) உயிரோடு இருக்கிறதா? எம்சிஏ (கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் இருவரின் டின் நிலவரம் என்ன காட்டுகிறது?

—

நூல்கண்டு | 11 ஆகஸ்ட்

சார், மிக்க நன்றி. ஆடிட் இல்லை, "டர்ன்ஓவர் இல்லையே" என்று விட்டுவிட்டார்கள். ஏஜிஎம் நடக்கவில்லை. என் டிஎஸ்சி சரி, மச்சானுடையது காலாவதி. டின் பார்த்ததும் பயந்துவிட்டேன். என்னுடையது அப்ரூவ்டு, மச்சானுடையது டிஆக்டிவேட்டட் என்று காட்டுகிறது! அவர் ஏற்கெனவே தகுதி இழந்துவிட்டாரா?

கணக்காளர், பழைய தேதி போட்டு ஏஜிஎம் மினிட்ஸ் எழுதிவிடலாம் என்கிறார்.

—

சீல்வைத்த சிஎஸ் | 11 ஆகஸ்ட்

பக்கத்திலேயே காரணம் இருக்கும், படியுங்கள். "டிஐஆர்-3 கேஒய்சி தாக்கல் செய்யாததால்" என்று இருந்தால் அது வெறும் கேஒய்சி பாக்கி. 5,000 ரூபாய் கட்டி கேஒய்சி போட்டால் திறந்துவிடும். 164(2) என்று குறிப்பிட்டிருந்தால்தான் தகுதி இழப்பு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு இரவெல்லாம் தூங்காமல் காலையில் எனக்கு போன் செய்பவர்கள் ஏராளம். மச்சானின் கையெழுத்து பேலன்ஸ் ஷீட்டுக்கு வேண்டும், ஆகவே அவருடைய கேஒய்சி, டிஎஸ்சி இரண்டையும் இந்த வாரமே முடியுங்கள்.

பழைய தேதி வேண்டவே வேண்டாம். ஆடிட் ரிப்போர்ட்டில் ஆடிட்டர் யூடின் (ஆவண அடையாள எண்) எடுத்தாக வேண்டும், கையெழுத்திட்ட 60 நாளுக்குள். 2024 ஆகஸ்டில் கையெழுத்தான ரிப்போர்ட்டை 2022 செப்டம்பர் ஏஜிஎம்மில் ஏற்றார்கள் என்று மினிட்ஸ் சொன்னால் யார் நம்புவார்கள்? லேட் ஃபீயில் முடிய வேண்டியதைப் பொய் ஆவணம் ஆக்கிக்கொள்ளாதீர்கள். ஏஜிஎம் நடக்கவில்லை என்றால் அதற்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது: 137(2)-ன்படி, ஏற்கப்படாத கணக்கை, ஏன் கூட்டம் நடத்தவில்லை என்ற விளக்கத்தோடு போடலாம்.

டர்ன்ஓவர் பூஜ்யமாக இருந்தாலும் கம்பெனிக்கு ஆடிட் உண்டு. எஃப்டி வட்டியே ஒரு வரவுதானே. அப்புறம் ஒன்று: வருமான வரி ரிட்டர்ன் போட்டதாகச் சொன்னீர்கள். ஐடிஆர்-6-ல் பேலன்ஸ் ஷீட் எண்கள் ஏதோ கொடுத்திருப்பார்கள். இப்போது ஆடிட் ஆகும் எண்களோடு அவை ஒத்துப்போகிறதா என்று புது ஆடிட்டரிடம் முதலில் காட்டுங்கள்.

—

கடைசிபெஞ்ச் | 12 ஆகஸ்ட்

2020 தீர்ப்பை இப்போதுதான் படித்தேன். சிஎஸ் சார் சொன்னபடிதான் இருக்கிறது. ஒரு சந்தேகம்: 25-ஆம் தேதிக்குள் எல்லா ஃபைலிங்கும் முடியாவிட்டால்?

—

சீல்வைத்த சிஎஸ் | 12 ஆகஸ்ட்

ஃபைலிங் முடியும்வரை பதிலைத் தள்ளிப்போடக்கூடாது. பதில் கெடுவுக்குள் போக வேண்டும்: கம்பெனிக்குச் சொத்து இருக்கிறது, வரவேண்டிய தொகை இருக்கிறது, பாக்கி ஃபைலிங் நடந்துகொண்டிருக்கிறது, பெயரை நீக்க வேண்டாம் என்று. எஃப்டி ரசீது, வங்கி ஸ்டேட்மென்ட், ரீஃபண்ட் ஆதாரம் இணைக்கணும். அதுவரை முடிந்த படிவங்களின் எஸ்ஆர்என் எண், சலான் நகல் சேர்க்கணும். மீதியை ஆனதும் இன்னொரு கடிதமாகக் கொடுக்கலாம். ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

—

நூல்கண்டு | 23 ஆகஸ்ட்

நிலவரம் சொல்கிறேன். மச்சானுக்கு கேஒய்சி பாக்கிதான், கட்டினோம், டின் திறந்துவிட்டது. புது ஆடிட்டர் இரண்டு வருடத்தையும் முடித்துக் கொடுத்தார். ஐடிஆர் எண்களில் எஃப்டி வட்டி ஒரு வருடம் விட்டுப்போயிருந்தது, அதற்கு என்ன செய்வது என்று தனியாகப் பார்க்கிறார். நாலு படிவமும் போயாயிற்று. மொத்தம் 1.86 லட்சத்துக்குக் கிட்ட வந்தது. பதில் கடிதம் நேற்று ஸ்பீட் போஸ்டில் போனது, மின்னஞ்சலிலும் அனுப்பினேன்.

கடைசிக் கேள்வி. இனி இந்தக் கம்பெனியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உடனே எஸ்டிகே-2 போட்டுவிடலாமா, இல்லை செயலற்ற நிறுவனமாக மாற்றலாமா?

—

பழையபுலி | 23 ஆகஸ்ட்

மறுபடி தொழில் செய்யும் எண்ணம் இல்லையென்றால் செயலற்ற நிறுவனம் எதற்கு? அதற்கும் வருடா வருடம் எம்எஸ்சி-3 என்று ஒன்று போட வேண்டும். அதையும் யாராவது மறப்பார்கள்.

—

சீல்வைத்த சிஎஸ் | 24 ஆகஸ்ட்

ஆமாம், மூடுவதே நல்லது. ஆனால் உடனே வேண்டாம். எஸ்டிகே-1 நடவடிக்கை கைவிடப்பட்டதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். 2023-24 கணக்கை இந்தத் தடவை ஏஜிஎம் நடத்தி, கெடுவுக்குள் போட்டுவிடுங்கள். டிடிஎஸ் ரீஃபண்ட் கணக்கில் விழும்வரை காத்திருங்கள். அப்புறம் எஃப்டியை உடைத்து, வரி, ஆடிட்டர் ஃபீஸ் எல்லாம் தீர்த்து, மிச்சத்தை முறைப்படி பங்குதாரர்களுக்குக் கொடுத்து, வங்கிக் கணக்கை மூடி, அந்தக் கடிதத்தோடு எஸ்டிகே-2. கட்டணம் 10,000. வரிசையை மாற்றி முதலில் கணக்கை மூடினால் ரீஃபண்ட் வந்து இறங்க இடம் இருக்காது.

பதிவு அலுவலக விலாசம் இன்னும் அந்த வாடகை வீடாகவே இருக்கிறதே, அதை ஐஎன்சி-22 போட்டு இப்போதே மாற்றுங்கள். வேறு மாநிலத்துக்கு விலாசம் மாற்றினால்தான் மூன்று மாதத்துக்குள் எஸ்டிகே-2 போட முடியாது என்று 249 தடுக்கிறது; அதே மாநிலத்துக்குள் மாற்றினால் அந்தத் தடை இல்லை. எப்படியும் ரீஃபண்டுக்குக் காத்திருக்கப் போகிறீர்கள், அதற்குள் இதை முடித்துவிடலாம்.