ஓவர்கிளாக்கிங்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

விருதுநகர் எழுதியது:

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் பாலிடெக்னிக்கில் வன்பொருள் வகுப்புக்கு ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். விலை குறைந்த ஏர் கூலர் ஒன்றைப் பூட்டி பிராசசரை ஓவர்கிளாக் செய்வது, அதாவது அதற்குக் குறித்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவது எப்படி என்பதுதான் பாடம். எங்களிடம் இருப்பவை இன்டெல் கோர் ஐ5 2500கே போட்ட பழைய கணினிகள். 2011-இல் வந்த சிப், அடிப்படை வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 மாதிரி ஒரு கூலரோடு அதை 4.5 வரை ஏற்றிப் பலர் ஓட்டியிருக்கிறார்கள், அதையே மாணவர்களும் செய்து பார்க்கலாம்.

பிள்ளைகள் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். ஓவர்கிளாக் என்பதற்கு 'மிகைக்கடிகாரம்' என்று போட்டு ஒரு மாணவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். "சார், நேரத்தைக் கூட்டிக் காட்டுகிற கடிகாரமா?" என்று கேட்டார். ஏர் கூலர் என்றால் வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றி வைக்கிற பெட்டிதான் அவர்களுக்கு நினைவு வருகிறது. இரண்டுக்கும் நல்ல சொல் தாருங்கள்.

சென்னை எழுதியது:

தம்பி, ஓவர்கிளாக் என்றே எழுதுங்கள். நான் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் தினமும் உட்கார்ந்திருப்பவன். அங்கே கூலர், ஹீட் சிங்க், பேன், பேஸ்ட், இவ்வளவுதான் சொற்கள். பையன் கடைக்கு வந்து கேட்கும்போது கடைக்காரருக்குப் புரிய வேண்டும், அதுதான் முதல் தேவை. சொல்லைவிட முக்கியமான ஒன்றைக் கையேட்டில் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்: சிப்பின் பெயர்க் கடைசியில் 'கே' இருந்தால் மட்டும் போதாது, அதைப் பொருத்துகிற மதர்போர்டும் இடம் கொடுக்க வேண்டும். எச்61 போர்டில் பெருக்கியை, அதாவது அடிப்படை கிளாக்கைப் பெருக்கிச் சிப்பின் வேகத்தைத் தருகிற எண்ணை, கூட்ட முடியாது. பி67, இசட்68, இசட்77 இவற்றில் முடியும். இது தெரியாமல் கூலருக்குக் காசைப் போட்டுவிட்டு நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

காரைக்குடி எழுதியது:

> தம்பி, ஓவர்கிளாக் என்றே எழுதுங்கள்.

ஐயா, கடையில் புரிவதை மட்டும் அளவாக வைத்திருந்தால் உலாவியும் வந்திருக்காது, மின்னஞ்சலும் வந்திருக்காது. இன்று நாம் எழுதுவது நாளை கடையில் புரியும்.

முதலில் 'கடிகாரம்' என்பதையே விடுங்கள். அது கடிகை வழி வந்தது, கடிகை வடமொழிக் கடிகா. நமக்கென்று சொல் இல்லையா? முல்லைப்பாட்டில் பாசறைக் காட்சி நினைவிருக்கும். பொழுதளந்து அறியும் பொய்யா மாக்கள் அரசனிடம் வந்து, குறுநீர்க் கன்னல் காட்டுகிற நேரத்தைச் சொல்கிறார்கள். கன்னல் என்பது சிறுகச் சிறுக நீர் ஒழுகி நாழிகை காட்டும் வட்டில். சீரான சிறு அளவுகளாகக் காலத்தைத் துண்டாக்குவதுதானே அதன் வேலை? பிராசசருக்குள் இருக்கிற கிளாக்கும் அதைத்தானே செய்கிறது? ஆகவே கிளாக் = கன்னல், ஓவர்கிளாக் = மிகுகன்னல். கன்னலுக்குக் கரும்பு என்றும் பொருள் உண்டு, அது தடையாகாது. இடம் நோக்கிப் பொருள் கொள்வது நம் வழக்கம். நாழி என்பதும் முகத்தல் அளவுதான், அதிலிருந்துதான் நாழிகை வந்தது என்பார்கள். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். பாத்திரத்தின் பெயர் காலத்துக்கு ஆகி வருவது தமிழில் இயல்பான போக்கு.

யாழ்ப்பாணம் எழுதியது:

ஐயா, கன்னல் அழகான சொல், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கன்னலில் நீர் இடைவிடாமல் ஒழுகுகிறது. கிளாக் சமிக்ஞை ஏறி இறங்கி ஏறி இறங்கி வருவது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பிராசசர் ஓர் அடி எடுத்து வைக்கிறது. அதற்குத் 'துடிப்பு' என்றால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும், நாடித்துடிப்பு தெரியாதவர் யார்? கிளாக் = துடிப்பு என்று வைத்தால் ஓவர்கிளாக் 'மிகைத்துடிப்பு' ஆகும்.

தம்பிக்கு இன்னொன்று. நீங்கள் அதிர்வெண் என்று எழுதுவீர்கள், எங்கள் பாடநூல்களில் அது மீடிறன். உங்கள் மின்னழுத்தம் எங்களுக்கு வோல்ற்றளவு. கையேடு இணையத்தில் ஏறினால் இங்கேயும் வாசிப்பார்கள், முதல் தடவை வருகிற இடத்திலாவது இரண்டையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

காரைக்குடி எழுதியது:

அம்மா, துடிப்பு என்றதும் ஒன்று தோன்றுகிறது. துடி என்பது பறை. துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று புறநானூறு 335-ஆம் பாட்டு நான்கு குடியை எண்ணும்போது முதலில் நிற்பவன் துடி கொட்டுகிறவன். ஆட்டத்துக்கு அடி வகுத்துக் கொடுப்பது பறை, அதன் அடி விரைந்தால் ஆடுகிறவன் கால் விரையும். இந்தப் பொருள் பொருத்தத்தை நான் மறுக்கவில்லை. இருந்தாலும் துடித்தல் என்றால் வலியால் துடித்தல் என்ற பொருளே இன்று முன்னால் நிற்கிறது. கன்னலுக்கு அந்த இடர் இல்லை.

பினாங்கு எழுதியது:

வணக்கம். துடிப்பு எனக்குச் சம்மதம், 'மிகை'தான் உறுத்துகிறது. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்று மிகைபடக் கூறல். மிகை என்றாலே வேண்டாதது, தவறு என்ற நிழல் விழுகிறது. மாணவர்கள் ஆசையோடு செய்யப்போகிற ஒரு காரியத்துக்குக் குற்றப் பெயர் எதற்கு? 'துடிப்பேற்றம்' என்று பாருங்கள். பெயராகவும் வரும், துடிப்பேற்று, துடிப்பேற்றிய, துடிப்பேற்றினால் என்று வினையாகவும் விரியும். ஆசிரியராகச் சொல்கிறேன், வினையாக்க முடியாத கலைச்சொல் வகுப்பில் நிற்பதில்லை.

கோவை எழுதியது:

மிகை இருக்கட்டும் என்கிறேன். உற்பத்தியாளர் உறுதி கொடுத்த எல்லையைத் தாண்டுகிறோம், உத்தரவாதம் போகக்கூடும், அது மிகைதான். மாணவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

துடிப்பேற்றம் என்பதில் ஒரு நுட்பச் சிக்கலும் இருக்கிறது. 1998-இல் செலரான் 300ஏ வந்தபோது செய்தது என்ன? பெருக்கி 4.5-இல் பூட்டப்பட்டிருந்தது. போர்டின் பஸ், அதாவது சிப்புக்குத் தரவு போய்வரும் தடம், அதன் துடிப்பை 66 மெகாஹெர்ட்சிலிருந்து 100-க்கு ஏற்றினார்கள், 300 போய் 450 ஆயிற்று. அது உண்மையிலேயே துடிப்பை ஏற்றியது. 2500கே-யில் அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ், அதைத் தொடுவதே இல்லை. பெருக்கியை 33-லிருந்து 45-க்கு மாற்றுகிறோம். அப்படியானால் அது பெருக்கியேற்றம் அல்லவா?

யாழ்ப்பாணம் எழுதியது:

இல்லை, ஐயா. பெருக்கியைக் கூட்டினாலும் சிப்பின் கருவுக்குள் (கோர்) போய்ச் சேர்கிற துடிப்பு 4.5 கிகாஹெர்ட்ஸ் ஆகிறதே. எந்தத் திருகைத் திருகினோம் என்பதற்குப் பெயர் வைத்தால் திருகு மாறும்போதெல்லாம் சொல்லும் மாறும். எது ஏறுகிறதோ அதற்குப் பெயர் வையுங்கள்.

கோவை எழுதியது:

சரி, ஒப்புக்கொள்ளலாம். அப்படியென்றால் கையேட்டில் வெப்பக் கணக்கு கட்டாயம் வர வேண்டும், சொல்லுக்கு அதிலும் வேலை இருக்கிறது. சிப் தின்கிற மின்திறன் துடிப்புக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடிக்கு (அதை அதாலேயே பெருக்கியதற்கு) நேர்விகிதத்திலும் ஏறும். 3.3-லிருந்து 4.5 என்றால் துடிப்பு 1.36 மடங்கு. அதற்காக மின்னழுத்தத்தை 1.2 வோல்ட்டிலிருந்து 1.35-க்கு ஏற்றினோம் என்று வைத்துக்கொண்டால் அதன் இருமடி 1.27 மடங்கு. பெருக்கினால் 1.7-க்குக் கொஞ்சம் மேலே. 95 வாட் என்று தொடங்கியது 160-ஐத் தாண்டுகிறது. அதிகம் சுடவைப்பது மின்னழுத்தம்தான் என்று பலரும் நினைப்பார்கள், இந்தக் கணக்கில் துடிப்பும் சளைத்ததில்லை. ஆனால் மின்னழுத்தம் இருமடியில் ஏறுவதால் அங்கே கை தவறினால் கூலரால் காப்பாற்ற முடியாது.

இன்னொன்று, விருதுநகர் வெயிலுக்கு. காற்றை நம்பிய கூலர் அறையின் வெப்பநிலைக்குக் கீழே சிப்பைக் கொண்டுபோகவே முடியாது. 22 பாகை அறையில் 70 காட்டுகிற சிப், அதே சுமையில் 36 பாகை அறையில் ஏறத்தாழ 84 காட்டும். வெளிநாட்டுக் காணொளியில் பார்த்த எண்ணை மே மாதத்தில் இங்கே எதிர்பார்க்கக் கூடாது. 4.5 வேண்டாம், 4.2-இல் நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். 2500கே-க்கு மேலே இருக்கிற உலோக மூடியும் உள்ளே இருக்கிற சிப்பும் ஈயப்பற்று வைத்ததுபோல உலோகத்தால் இணைக்கப்பட்டிருக்கும், அது பெரிய வசதி. 2012-இல் வந்த 3570கே-யில் அந்த இடத்தில் பேஸ்ட் வைத்துவிட்டார்கள், ஏற்றினால் சீக்கிரம் சுட்டுவிடும். அந்தக் கணினி ஏதாவது கலந்திருந்தால் தனியாக வையுங்கள்.

விருதுநகர் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி, கணக்கை அப்படியே சேர்த்துக்கொள்கிறேன். ஏர் கூலர் விஷயம் அப்படியே நிற்கிறதே. 'காற்றுக் குளிர்விப்பான்' போடலாமா?

காரைக்குடி எழுதியது:

போடக் கூடாது, தம்பி. காற்றுக் குளிர்விப்பான் என்பது தொகை. காற்றைக் குளிர்விப்பதா, காற்றால் குளிர்விப்பதா? இரண்டாம் வேற்றுமையா மூன்றாம் வேற்றுமையா என்று தொகைக்குள் தெரியாது. புலி கொல் யானை என்று இலக்கண உரைகாரர்கள் காட்டுவது இதைத்தான், புலியைக் கொன்ற யானையா புலியால் கொல்லப்பட்ட யானையா? உங்கள் மாணவர் தண்ணீர்ப் பெட்டியை நினைத்ததும் இதே மயக்கம். உருபை விரித்து 'காற்றாற் குளிர்விப்பான்' என்று எழுதுங்கள், மயக்கம் தீரும்.

சென்னை எழுதியது:

காற்றாற் குளிர்விப்பான் என்று நான்காவது வரியில் ஒரு பையன் வாசித்தால் ஐந்தாவது வரிக்கு வர மாட்டான். அந்தப் பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள் ஐயா. அடியில் நான்கு செப்புக் குழாய், மேலே அடுக்கடுக்காக அலுமினியத் தகடு, பக்கத்தில் 120 மில்லிமீட்டர் பேன். குழாய்க்குள் கொஞ்சம் நீர்மம் இருக்கிறது. சிப்பின் சூட்டில் அது ஆவியாகி மேலே போய், தகட்டில் சூட்டை விட்டுவிட்டு, திரும்ப நீராகிக் குழாயின் உள்சுவரில் இருக்கிற திரி வழியாக இறங்கி வரும். பேன் தகட்டின் சூட்டை ஊதித் தள்ளும். அது எதையும் குளிர வைப்பதில்லை, சூட்டை இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். குளிர் என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது.

பினாங்கு எழுதியது:

அப்படியென்றால் 'சூடகற்றி'? வெப்பம் என்பதைவிடச் சூடு பேச்சுக்கு நெருக்கம். காற்றில் அகற்றுவது காற்றுச் சூடகற்றி, நீரில் அகற்றுவது நீர்ச் சூடகற்றி. தண்ணீர்ப் பெட்டியோடு குழம்பவே குழம்பாது, அது ஒருபோதும் சூடகற்றி ஆகாது.

யாழ்ப்பாணம் எழுதியது:

சூடகற்றி நன்று. வேற்றுமை மயக்கமும் இல்லை, சூட்டை அகற்றுவது என்று ஒரே வழியில்தான் விரியும்.

சென்னை எழுதியது:

இதற்கு நானும் கை தூக்குகிறேன். கடைக்காரரிடம் சொன்னால்கூட ஊகித்துக்கொள்வார்.

விருதுநகர் எழுதியது:

நாளை காலை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். இதுவரை துடிப்பேற்றம் என்பதற்குப் பினாங்கு அம்மாவும் யாழ்ப்பாணம் அக்காவும், மிகைத்துடிப்பு என்பதற்குக் கோவை ஐயா, ஓவர்கிளாக் என்பதற்குச் சென்னை அண்ணன், மிகுகன்னலுக்குக் காரைக்குடி ஐயா. அக்கா முதலில் மிகைத்துடிப்பு என்றார்கள், இப்போது ஏற்றத்துக்கு மாறியிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். மாணவர்கள் நாலைந்து பேரிடம் வாசிக்கக் கொடுத்ததில் துடிப்பேற்றம் தடங்கலில்லாமல் போனது. ஆகவே தலைப்பில் 'ஓவர்கிளாக் எனும் துடிப்பேற்றம்' என்று ஒரு தடவை, உள்ளே முழுவதும் துடிப்பேற்றம், காற்றுச் சூடகற்றி. அதிர்வெண்ணோடு மீடிறனும் சேர்த்தாயிற்று. எச்61 எச்சரிக்கை முதல் பக்கத்திலேயே கட்டம் போட்டு வருகிறது.

கோவை எழுதியது:

கொடுத்துவிடுங்கள். உத்தரவாதம் பற்றி ஒரு வரி இருக்கட்டும், அப்புறம் மிகையைப் பற்றி நான் பேச மாட்டேன்.

காரைக்குடி எழுதியது:

பெரும்பான்மை துடிப்பு என்றால் அச்சிடுங்கள், தம்பி, தடுக்க மாட்டேன். என் மறுப்பு இந்த இழையில் பதிவாகி இருக்கட்டும். கிளாக் என்பது காலத்தை அளந்து கொடுக்கிற கருவி, துடிப்பு அந்தக் கருவி தருகிற விளைவு. கருவிக்கு இன்னும் நாம் பெயர் வைக்கவில்லை. போர்டில் ஒரு படிகம் இருந்துகொண்டு அந்த அடிப்படைத் துடிப்பைத் தருகிறதே, அதை உங்கள் கையேட்டில் என்னவென்று எழுதியிருக்கிறீர்கள்?

விருதுநகர் எழுதியது:

'கிரிஸ்டல்' என்று இருக்கிறது, ஐயா. பதினோராம் பக்கம். இன்று இரவுக்குள் சொன்னால் மாற்றிவிடுகிறேன்.