போட்டிக்கு ஜேபெக்தான் கேட்கிறார்கள் என்றால் ரா, டிஃப் எல்லாம் எதற்கு?

ஈரமணல் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. 24 மெகாபிக்சல் கேமராவில் இதுவரை ஜேபெக்கில் மட்டுமே எடுத்து வருகிறேன். இப்போது ஒரு போட்டிக்கு அனுப்பத் தயாராகிறேன். விதிமுறை இது: ஜேபெக் கோப்பு, எஸ்ஆர்ஜிபி நிறவெளி (இணையத்தில் வழக்கமான நிற எல்லை), அகலம் 1920 பிக்சலுக்கும் உயரம் 1080 பிக்சலுக்கும் மிகாமல், கோப்பு 2 எம்பிக்குள். இறுதிச் சுற்றுக்குத் தேர்வானால் மூலக் கோப்பைக் காட்ட வேண்டும்.

கடைசியில் போவது ஜேபெக் என்னும்போது ராவில், அதாவது கேமரா பதப்படுத்தாத மூலத் தரவாக, எடுப்பதால் என்ன லாபம்? எடிட் செய்ததைத் தரம் குறையாத டிஃப் கோப்பாகச் சேமிக்கச் சொல்கிறார்களே, அது தேவைதானா? இன்னொன்று: லைட்ரூம் எடிட்டிங் மென்பொருளில் லாங் எட்ஜ் (நீளமான பக்கம்) 1920, ரெசல்யூஷன் 300 என்று வைத்து எடுத்த படத்தை ஏற்றினால், அளவு கூடுதல் என்று தளம் திருப்பிவிடுகிறது. வேறொரு படம் ஏறியது, ஆனால் உலாவியில் நிறம் வெளிறித் தெரிகிறது. எங்கே தவறு?

இலைநரம்பு

முதல் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் சொல்கிறேன்.

கேமராவில் ஜேபெக் என்று வைத்தாலும் சென்சாரிலிருந்து வருவது ரா தரவுதான். அதன் மேல் ஒயிட் பேலன்ஸ், கான்ட்ராஸ்ட், ஷார்ப்னஸ், நாய்ஸ் குறைப்பு எல்லாவற்றையும் கேமரா தானே போட்டு, 8 பிட்டாக்கிச் சுருக்கிவிட்டு, மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிடுகிறது. ராவில் எடுத்தால் அந்த முடிவுகளெல்லாம் உங்கள் கைக்கு வரும், பிடிக்காவிட்டால் மாற்றவும் முடியும். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 14 பிட் ராவில் 16,384.

மாலை வானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சு மெல்ல மெல்ல நீலமாக மாறும் பகுதி. ஜேபெக்கில் அந்த இடத்தின் கான்ட்ராஸ்டைக் கூட்டினால் நிறம் வழுக்கிக்கொண்டு போகாது, பட்டை பட்டையாகப் பிரியும். ஹிஸ்டோகிராமை, அதாவது வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தை, திறந்தால் சீப்பின் பற்கள் போல இடைவெளி விழுந்திருக்கும். இருந்த சில படிகளை இழுத்து நீட்டியிருக்கிறீர்கள், நடுவில் நிரப்பத் தரவு இல்லை. இதே வேலையை ராவிலோ 16 பிட் டிஃப்பிலோ முடித்துவிட்டு, கடைசியில் 8 பிட்டாக்கினால் பட்டை பெரும்பாலும் வராது.

டிஃப்பின் வேலையும் இதுதான். லைட்ரூமிலேயே எல்லாம் முடிந்துவிட்டால் டிஃப் தேவையே இல்லை. ரா கோப்பும், திருத்தங்களைக் குறித்து வைத்து அதன் பக்கத்தில் இருக்கும் எக்ஸ்எம்பி கோப்பும் போதும். ஃபோட்டோஷாப்புக்குப் போய் லேயர், மாஸ்க் என்று வேலை செய்தால்தான் 16 பிட் டிஃப்பாகவோ ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டியாகவோ ஒரு மாஸ்டர், அதாவது முழுத் தரத் தாய்க் கோப்பு, வேண்டும். இடம் அடைக்கும்: 6000 × 4000 பிக்சல், 3 நிறம், நிறத்துக்கு 2 பைட் என்றால் லேயர் எதுவும் இல்லாமலேயே 144 எம்பி. எல்இசட்டபிள்யூ சுருக்கத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 16 பிட் படத்தில் அது பல நேரம் கோப்பை இன்னும் பெரிதாக்கிவிடும். ஜிப் சுருக்கத்தை வையுங்கள், தரம் துளியும் குறையாது.

குவிதூரம்

மேலே சொன்னதில் ஒரு சிறு திருத்தம். 256-ஐயும் 16,384-ஐயும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கக் கூடாது. ரா நேரியல் தரவு: வெளிச்சம் இரட்டித்தால் எண்ணும் இரட்டிக்கும். அதன் 16,384 படிகளில் பாதி, அதாவது 8,192, மிக வெளிச்சமான ஒரே ஸ்டாப்புக்குப் போய்விடுகிறது (ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரு மடங்கு). அடுத்த ஸ்டாப்புக்கு 4,096, அதற்கடுத்து 2,048 என்று இறங்கிக்கொண்டே போகும். ஜேபெக்கோ காமா வளைவின்படி நிழல் பகுதிக்குக் கூடுதல் படிகளை ஒதுக்குகிறது. ஆகவே ரா 64 மடங்கு நல்லது என்று கணக்குப் போட வேண்டாம். ஆனால் வெளிச்சப் பகுதியில் மீட்கக் கிடைக்கும் விவரமும், ஒயிட் பேலன்ஸைத் தரம் கெடாமல் பின்னால் மாற்ற முடிவதும் ஜேபெக்கில் கிடைக்கவே கிடைக்காது. கேமராத் திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம் ராவுக்குள் இருக்கும் ஜேபெக் முன்னோட்டத்தை வைத்துப் போடப்படுவது. வெளுத்துவிட்டது என்று அது காட்டும் மேகத்தில் ராவில் விவரம் மிச்சமிருக்கலாம்.

இப்போது அளவு. உங்கள் கேமராவின் படம் 3:2 விகிதம். லாங் எட்ஜை 1920 ஆக்கினால் உயரம் 1280 ஆகிவிடும். விதி 1080. அதனால்தான் திரும்பி வருகிறது. ஏற்றுமதிப் பெட்டியில் லாங் எட்ஜை விட்டுவிட்டு, ‘வித் அண்ட் ஹைட்’ தேர்ந்தெடுத்து 1920, 1080 என்று கொடுங்கள். படம் அந்தச் சட்டத்துக்குள் அடங்கும்படி தானாகவே 1620 × 1080 ஆகும். நெட்டுவாக்குப் படம் 720 × 1080-தான் வரும். சிறிதாக இருக்கிறதே என்று அதைப் பெரிதாக்கி அனுப்பினால் அங்கேயே நிராகரிப்பு. கிடைவாக்குப் படத்தையும் நெட்டுவாக்குப் படத்தையும் ஒரே தொகுப்பில் அனுப்புபவர்கள் இதில்தான் அடிக்கடி தவறுகிறார்கள்.

ரெசல்யூஷன் 300 என்பது திரையில் காட்டும் படத்துக்கு ஒன்றுமே செய்யாது. 72 என்று போட்டாலும் 300 என்று போட்டாலும் அதே 1620 × 1080 பிக்சல்தான். அச்சுக்குப் போகும்போது ஒரு அங்குலத்தில் எத்தனை பிக்சலை வைப்பது என்று சொல்லும் குறிப்பு, அவ்வளவே. விதியில் 300 கேட்டால் போட்டுவிடுங்கள், கேட்காவிட்டால் மறந்துவிடுங்கள்.

படத்தைச் சிறிதாக்கிய பிறகு ஷார்ப்னிங் செய்யுங்கள். 6000 பிக்சலில் அழகாக இருந்தது 1620-க்கு இறங்கும்போது மழுங்கிவிடும். ஃபோட்டோஷாப்பில் அன்ஷார்ப் மாஸ்க் என்றால் ரேடியஸ் 0.3 முதல் 0.5 வரை போதும். அதற்கு மேல் போனால் இறகின் விளிம்பில் வெள்ளைக் கோடு ஓடும், நடுவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

ஈரமணல்

1080 விஷயம் புரிந்துவிட்டது, மிக்க நன்றி. நிறம் வெளிறிய படத்தைப் பார்த்தேன். அதன் கோப்புப் பெயர் அடிக்கோட்டில் தொடங்குகிறது, மற்றவை அப்படி இல்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறமானி

உண்டு, நேரடியாகவே உண்டு. கேமராவில் நிறவெளியை, எஸ்ஆர்ஜிபியைவிடப் பரந்த அடோபி ஆர்ஜிபி என்று வைத்தால் கோப்புப் பெயரின் முதல் எழுத்து அடிக்கோடாக மாறும். கேமரா நிறுவனங்கள் பின்பற்றும் டிசிஎஃப் பெயரிடும் விதி அது. அடோபி ஆர்ஜிபி எண்களை எஸ்ஆர்ஜிபி என்று நினைத்து ஒரு தளம் காட்டினால், முக்கியமாகப் பச்சையும் சிவப்பும், சாயம் போன துணி மாதிரி தெரியும். பல தளங்கள் படத்தை ஏற்றும்போது அதில் பொதிந்திருக்கும், நிறவெளி எது என்று சொல்லும் புரொஃபைலைக் கழற்றிவிடுகின்றன. அப்போதும் இதே கதி.

தீர்வு: ஃபோட்டோஷாப்பில் எடிட் மெனுவுக்குப் போய் ‘கன்வர்ட் டு புரொஃபைல்’, அதில் எஸ்ஆர்ஜிபி. பக்கத்திலேயே ‘அசைன் புரொஃபைல்’ என்று ஒன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள். கன்வர்ட் எண்களை மாற்றி நிறத்தைக் காப்பாற்றும். அசைன் எண்களை அப்படியே விட்டுவிட்டு அர்த்தத்தை மாற்றும், நிறம் போய்விடும். லைட்ரூம் என்றால் ஏற்றுமதிப் பெட்டியில் எஸ்ஆர்ஜிபி தேர்ந்தெடுத்தாலே மாற்றிக் கொடுத்துவிடும். ராவில் எடுப்பவருக்கு கேமராவின் நிறவெளி அமைப்பு முன்னோட்டத்தையும் கோப்புப் பெயரையும் மட்டுமே பாதிக்கும், ரா தரவைத் தொடாது. எடிட் செய்வது புரோஃபோட்டோ ஆர்ஜிபியில் என்றால் அது 16 பிட்டாகவே இருக்கட்டும். அவ்வளவு பரந்த வெளியை 8 பிட்டின் 256 படிகளில் பரப்பினால் பட்டை விழும்.

கட்டம்8

2 எம்பி பற்றி யாரும் சொல்லவில்லை. பயப்பட ஒன்றுமில்லை. 1620 × 1080 படம் சுருக்காமலேயே சுமார் 5.2 எம்பிதான். லைட்ரூமில் குவாலிட்டி 90 வைத்தால் பெரும்பாலும் 2 எம்பிக்குள் அடங்கும். அடர்ந்த இலைகள், கூழாங்கல், நாய்ஸ் நிறைந்த இரவுப் படம் இவை மட்டும் மீறக்கூடும். அப்போது 85, பிறகு 80 என்று இறக்குங்கள். மீறவில்லை என்றால் குறைக்க வேண்டாம்.

தரம் குறைந்தால் முதலில் எது கெடும் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஜேபெக் படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாக வெட்டித்தான் சுருக்குகிறது. வானத்துக்கு எதிரே நிற்கும் மெல்லிய கிளையை 200 சதவீதத்தில் பாருங்கள். கிளையை ஒட்டிய கட்டங்களில் மட்டும் கொசு மொய்ப்பது போல அழுக்குப் புள்ளிகள் தெரியும், ஒரு கட்டம் தள்ளினால் வானம் சுத்தமாக இருக்கும். இன்னொன்று சிவப்புப் பூ. ஃபோட்டோஷாப்பின் 0 முதல் 12 வரையான அளவில் 6-க்குக் கீழே, 6 உட்பட, நிறத் தகவல் பாதித் துல்லியத்தில்தான் சேமிக்கப்படுகிறது. பச்சைப் பின்னணியில் சிவப்பு இதழின் ஓரம் கசிந்து தெரிவது அதனால்தான். 10-க்குக் கீழே இறங்காதீர்கள்.

திறந்து மூடுவதாலோ நகலெடுப்பதாலோ ஜேபெக் கெடாது. திருத்தி மறுபடி சேமித்தால்தான் ஒவ்வொரு முறையும் இழப்பு. ஆகவே போன போட்டிக்கு அனுப்பிய ஜேபெக்கை எடுத்துச் சிறிதாக்காதீர்கள். ஒவ்வொரு போட்டிக்கும் மாஸ்டரிலிருந்து புதிதாக ஒன்று எடுங்கள்.

மூலக் கோப்பு விஷயத்தில் கவனம். வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோவும், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் வைல்ட்லைஃப் ஃபோட்டோகிராபர் ஆஃப் தி இயரும் இறுதிக் கட்டத்தில் மூலக் கோப்பைச் சரிபார்க்கின்றன. அடோபியின் ரா வடிவமான டிஎன்ஜியாக மாற்றிவிட்டு கேமரா தந்த ராவை அழித்துவிடாதீர்கள். டிஎன்ஜிக்குள் திருத்தங்களை எழுத முடியும் என்பதால், மாற்றிய டிஎன்ஜியை மூலமாக ஏற்காத போட்டிகள் உண்டு. இதுவரை ஜேபெக்கில் எடுத்த படங்களுக்கு கேமராவிலிருந்து இறங்கிய, ஒருமுறைகூட மறுபடி சேமிக்காத கோப்புதான் மூலம். அதைத் தனி ஃபோல்டரில் பூட்டி வையுங்கள். முன்னும் பின்னும் எடுத்த பிரேம்களையும் அழிக்காதீர்கள், அவற்றையும் கேட்பதுண்டு.

மெட்டாடேட்டா, அதாவது கோப்புக்குள் பதிந்திருக்கும் விவரங்கள், விஷயத்தில் போட்டியின் விதியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். சில போட்டிகள் எக்சிஃப் (கேமரா பதிந்த படப்பிடிப்பு விவரம்) அப்படியே இருக்க வேண்டும் என்கின்றன. சில போட்டிகள் படத்தில் பெயர் தெரியக் கூடாது என்கின்றன. லைட்ரூமில் ‘காப்பிரைட் ஒன்லி’ தேர்ந்தெடுத்தால் ஷட்டர், அப்பர்ச்சர் விவரம் எல்லாம் போய்விடும், உங்கள் பெயர் மட்டும் மிஞ்சும். பெயர் மறைக்க வேண்டிய போட்டிக்கு அது நேர் எதிரான வேலை.

இலைநரம்பு

ஃபோன் படமும் அனுப்புவதாக இருந்தால் ஒன்று. ஐஃபோனில் கோப்பு ஹெய்க் ஆக இருக்கும். பெயரின் பின்னொட்டை மட்டும் ஜேபிஜி என்று மாற்றினால் அது ஜேபெக் ஆகாது, தளம் திறக்க முடியாமல் தள்ளிவிடும். ஒரு எடிட்டரில் திறந்து ஜேபெக்காக ஏற்றுமதி செய்ய வேண்டும். கணினிக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் பிக்சலும் குறையும், எக்சிஃபும் போய்விடும்.