குளோ என்ஜின் பத்து நொடியில் அணைந்துவிடுகிறது

பெங்களூரு, அல்சூர். மாமா பறக்கவிட்ட மாடல் விமானத்தின் 6.5 சிசி குளோ என்ஜின் (பிளக்கில் உள்ள சூடான கம்பியால் மெத்தனாலைப் பற்றவைக்கும் சின்ன என்ஜின்), பிஸ்டனில் ரிங் உள்ள ஜப்பான் ரகம், முப்பது வருஷம் பரணில் கிடந்ததில் உள்ளே விளக்கெண்ணெய் வார்னிஷ் மாதிரி இறுகியிருந்தது. கார் கூலண்டில் போட்டு மெதுவாகச் சூடாக்கினேன், தண்டு இப்போது லேசாகச் சுற்றுகிறது (அந்தப் பாத்திரம் இனி சமையலுக்கு ஆகாது, அம்மாவிடம் திட்டும் வாங்கியாச்சு). அப்புறம் புது பிளக், புது சிலிக்கான் குழாய், மெத்தனாலில் 20 சதவீதம் விளக்கெண்ணெய். கார்புரேட்டரில் நாலு சொட்டு விட்டால் உடனே பிடிக்கிறது, பத்து நொடி கத்திவிட்டு அணைகிறது. ஊசி வால்வை மூன்று சுற்று திறந்தும் எரிபொருள் குழாயில் பாதி ஏறி நிற்கிறது. வால்வைக் கழற்றி ஊதிப் பார்த்தேன், அடைப்பில்லை. மூன்று வாரமாக இதே கதை.

எரிபொருளை இழுக்கும் உறிஞ்சல் போதவில்லையோ என்று சந்தேகம். என்ஜினின் பின்மூடி கேஸ்கெட் வழியாகக் காற்று கசிகிறதா என்று கழற்றாமலே கண்டுபிடிப்பது எப்படி?